துண்டு எழுதும்வரை சுகதேகி

ஒரு மனிதன் எந்தக் கணத்தில் நோயாளி ஆகிறான் என்பது பற்றி உலகத்தில் பல அபிப்பிராயங்கள் உண்டு. காய்ச்சல் அடிக்கத் தொடங்கும்போது என்பார்கள் சிலர். கிருமி உள்ளே போகும்போதே என்பார்கள் படித்தவர்கள். உப்புநீர்க் களப்பின் ஓரத்தில் இருக்கிற எங்கள் களப்புக்கரை ஆஸ்பத்திரியில் இந்தக் குழப்பம் கிடையாது. உள்ளே இருக்கிற யன்னலில் துண்டு எழுதி, இலக்கம் போட்டு, கையில் கொடுக்கிற கணத்தில் அவன் நோயாளி. அதற்கு முன்னர் அவன் பொதுமகன்.

இந்தத் தத்துவத்தை எங்களுக்குத் தந்தவர், ஆஸ்பத்திரியின் எழுத்து வேலைக்குத் தலைவரான பிரதம லிகிதர் நெய்னார். ஒருமுறை உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் வந்த ஒருவர், திருக்கை முள் குத்தி வீங்கிய காலோடு, வாசல் கேற்றடிப் பூவரச மரத்தின் கீழ் உருண்டு கத்தினார். காவலாளி பஸ்தியான் ஓடிப்போய், "சேர், நோயாளி ஒராள் கத்துறார்" என்றார். நெய்னார் பதிவேட்டை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒரு நோயாளி இல்ல. பொதுமகன் ஒருத்தர் சத்தம் போடுறாரெண்டு சொல்லுங்க" என்று திருத்தி அனுப்பினார்.

நாங்கள் ஊரார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தேத்தண்ணிக் கடையில் சிரித்தோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்து சிரித்தோம். தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போன பஸ்ஸில் சிரித்தோம். வாசகர்கள் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா வந்த வருசம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நீண்டகால நோயுள்ள, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து பாவிக்கிற உத்தியோகத்தர்களை இயன்றவரை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்குமாறு அது பணித்தது. நல்ல சுற்றறிக்கை. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குள் அடங்குகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் ஸபீனா மிஸி.

ஸபீனா மிஸி பாலாவியிலிருந்து பஸ்ஸில் வருகிற தாதி. அவருடைய பெருங்குடலில் பல வருசமாகப் புண். அது முற்றாக மாறுகிற வருத்தமும் அல்ல, மற்றவருக்குத் தொற்றுகிற வருத்தமும் அல்ல. அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பினால் இரத்தம் போகும், ஆள் பாதியாகிவிடுவார். அதை அடக்கி வைக்கக் கொழும்பில் ஒரு கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள். அடங்கிக் கிடக்கிற நாளிலும் வயிறு அழைத்தால் அந்த நிமிடமே போக வேண்டும். கொஞ்சம் பொறு என்று சொன்னால் கேட்கிற குடல் அல்ல அது.

ஆஸ்பத்திரிக்குள் பாவனையில் இருந்த மலசலகூடம் ஒன்றே ஒன்று. அது காய்ச்சல் வார்ட்டின் கடைசி மூலையில் இருந்தது. மிஸி ஒவ்வொரு தரமும் இருமுகிற கட்டில்களுக்கு நடுவால் ஓடிப்போய், நடுவால் திரும்பி வரவேண்டும். மற்றத் தாதிமாருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம். மிஸிக்கு அது குடல் நினைத்த தரம்.

இன்னொரு மலசலகூடமும் இருந்தது. கேற்றுக்குப் பக்கத்திலே, வெளிநாட்டு உதவியில் கட்டியது. டைல்ஸ் பதித்து, தண்ணீர்த் தாங்கி ஏற்றி, குழாய் பூட்டி எல்லாம் முடிந்திருந்தது. திறந்து வைக்க வேண்டிய பிரதம அதிதிக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வருசமாக அதன் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வெயிலில் ரிப்பன் றோசா நிறமானது. ஒருநாள் கழுதை ஒன்று அதன் நுனியைத் தின்றது. கழுதை உள்ளே போகவில்லை என்று விசாரித்து உறுதிசெய்த பின்னர் புதிய ரிப்பன் கட்டப்பட்டது.

ஸபீனா மிஸி பிரதம லிகிதரிடம் போனார்.

"சேர், எனக்குப் பெருசா ஒண்டும் வேணாம். சனம் நெருங்காத இடத்தில வேல. நல்ல மாஸ்க். அந்தப் புது டொயிலட்டப் பாவிக்க விட்டாப் போதும்."

"எந்தப் புது டொயிலட்?"

"கேற்றடியில இரிக்கிறது."

"அது இன்னும் திறந்து வைக்கல்லயே."

"பூட்டில்ல சேர். கதவு சும்மா சாத்தித்தான் இரிக்கி."

"கதவ உடுங்க. நான் கட்டடத்தச் சொல்றன். திறந்து வைக்காத கட்டடம் எங்கட பதிவில வராது. பதிவில வராத கட்டடம் இல்லாத கட்டடம். இல்லாத கட்டடத்துக்குள்ள நீங்க வழுக்கி விழுந்தா, எங்க விழுந்ததெண்டு நான் எழுதுறது?"

மிஸிக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் வயிறு அழைத்துவிட்டது. காய்ச்சல் வார்ட்டுக்குள்ளால் ஓடினார்.

தாதி ஒருவரின் உயிர் விளையாட்டு விடயம் அல்ல என்பதால் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பெரிய டொக்டர். மிஸியின் வருத்தத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது எதுவும் நிகழ்ச்சிநிரலில் இருக்கவில்லை. செயலாளர் நெய்னார். ஊர்ப் பிரதிநிதி மிஹ்லார் ஹாஜியார். இவர் லொறிகள் வைத்து உப்பு வியாபாரம் செய்தவர். அந்த வருசம் உப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு எதிர்ப்புச் சக்தி வியாபாரத்தில் இறங்கியிருந்தார்.

அந்த நாட்களில் எதிர்ப்புச் சக்திதான் நாகரிகம். கண்டால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்ட சனம் "ஆவி பிடிச்சீங்களா" என்று கேட்டது. சாரிக்குப் பொருத்தமாக மாஸ்க் தைத்தார்கள். கல்யாணத்துக்குக் கல் வைத்த மாஸ்க் வந்தது. உதட்டுச் சாயம் தெரியவேண்டும் என்று சிலர் அதை நாடியில் அணிந்தார்கள். ஹாஜியாரின் கழுத்தில் கிருமி விரட்டும் அட்டை ஒன்று தொங்கியது. சுற்றிவர ஒரு பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த தூரத்துக்கு, அது கிருமியை அண்டவிடாதாம். மாஸ்க் போட்டால் அட்டையில் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று அவர் மாஸ்க் போடுவதில்லை.

குழு பெரிய டொக்டரின் குளிரூட்டிய அறையில் கூடியது. குளிர் வெளியே போகாதபடி யன்னல் இடுக்குகள் எல்லாம் ஒட்டியிருந்தன. ஹாஜியார் ஒரு பானையில் இஞ்சி, கொத்தமல்லி அவியல் கொண்டுவந்திருந்தார். குடிப்பதற்காக எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள். பிறகு அதே பானையின் ஆவியை ஒரே துவாயால் மூடி ஆளுக்காள் பிடித்தார்கள். இவ்விதம் பாதுகாப்பை உறுதிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளி இல்லாத இடம் எது என்று ஆராயத் தொடங்கினார்கள்.

"வார்ட்டில போட ஏலாது," என்றார் பெரிய டொக்டர். "நோயாளிகள்."

"மருந்து குடுக்கிற இடம்?" என்றார் ஹாஜியார்.

"யன்னலால நோயாளிட கை உள்ளுக்கு வரும்," என்றார் நெய்னார்.

"சாமான் அறை?"

"நோயாளிட விரிப்பு இரிக்கி."

பிறகு நெய்னார் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் ஏதோ பிறக்கப்போகிறது என்று அர்த்தம்.

"டொக்டர், துண்டு எங்க எழுதுறம்?"

"உள்ளே."

"அப்ப கேற்றுக்கு வெளிய நிக்கிறவங்க?"

"பொதுமக்கள்," என்றார் டொக்டர், தன்னையறியாமல்.

"கேற்றடியில ஒரு நோயாளியாவது இரிக்க ஏலுமா?"

ஏலாது என்பதை எவராலும் மறுக்க முடியவில்லை. ஆகவே நோயாளிகளிடமிருந்து பாதுகாக்கும் பொருட்டு ஸபீனா மிஸி கேற்றடிக்கு நியமிக்கப்பட்டார். வருகிற ஒவ்வொருவருக்கும் நெற்றியில் துப்பாக்கி வடிவான காய்ச்சல் துவக்கைப் பிடித்துச் சூடு பார்ப்பது அவருடைய கடமை. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை, தராதரம் பாராமல் எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்று நெய்னார் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

"சேர், காய்ச்சல்காரங்கதானே மொத மொத என்னட்ட வருவாங்க?"

"ஓம். நீங்க கண்டுபிடிச்ச உடன உள்ளுக்குப் போயிருவாங்க. உங்களிட்ட நிக்க மாட்டாங்க. யோசிச்சுத்தான் செஞ்சிரிக்கிறம்."

மிஸி துவக்கோடு கேற்றடியில் நின்றார். அவர் அதை நெற்றிக்கு நேரே உயர்த்தியபோது வடக்கிலிருந்து வந்து குடியேறிய வயதானவர்கள் சிலர் யுத்த காலப் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கினார்கள். "கையப் போடுங்க, மூத்தாப்பா. இது சுடாது" என்று மிஸி சொல்லவேண்டியிருந்தது.

ஆனால் ஒரு விசித்திரம். கேற்றடியில் களப்பிலிருந்து தென்மேற்குச் சோழகக் காற்று அடிக்கிற அடியில் தொப்பி நிற்காது. மிஸி பூவரச மரத்தின் கீழ் சுண்ணாம்பால் வட்டங்கள் கீறி, வட்டத்துக்கு ஒருவராகச் சனத்தை நிறுத்தினார். மாஸ்க் நாடியில் இருந்தால் மூக்குக்கு ஏற்றச் சொன்னார். கை கழுவ வாளியும் சவர்க்காரமும் வைத்தார். இருமினவர் இருமினது காற்றோடு களப்புக்குப் போனது.

சிற்றூழியர் மக்டலின் அக்கா கூட்டுமாற்றோடு நின்று இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மிஸி, இவங்க உங்களக் கொல்லுறதுக்கு எண்டு யோசிச்சு, கை தவறிக் காப்பாத்திப் போட்டாங்க."

"காத்து நல்லந்தான் அக்கா. டொயிலட்தான் தூரமாப் போச்சு."

அது உண்மை. இப்போது மிஸி முழு ஆஸ்பத்திரியையும் கடந்து காய்ச்சல் வார்ட்டுக்குப் போக வேண்டும். ரிப்பன் கட்டின மலசலகூடமோ கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. இதோடு, கேற்றை விட்டு அகல்வதானால் முதல்நாளே அனுமதி கேட்கவேண்டும் என்று நெய்னார் நினைவூட்டினார்.

"நாளைக்குக் காலம்பற எத்தின மணிக்குப் போவீங்க?"

"தெரியாது சேர்."

"உத்தேசமா?"

"வயித்துக்குத்தான் தெரியும்."

"அப்ப வயித்திட்டக் கேட்டு இண்டைக்கே சொல்லுங்களன்."

"அது அவசரம் வந்தாத்தான் சேர் வாயத் திறக்கும்."

இதற்கிடையில் ஹாஜியாருக்கு ஒரு பயங்கரமான செய்தி எட்டியது. மிஸி நாள்தோறும் விழுங்குகிற குளிசை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற குளிசை அல்ல, குறைக்கிற குளிசை. அன்றே குழு அவசரமாகக் கூடியது. பானை வந்தது, துவாய் வந்தது, யன்னல் ஒட்டு சரிபார்க்கப்பட்டது. மிஸியை வாசலுக்கு அழைத்தார்கள். அவர் மாஸ்க்கோடு வெளியே நின்றே பேசினார்.

"ஊரே கொத்தமல்லி குடிச்சு ஏத்துது," என்றார் ஹாஜியார். "நீங்க அரசாங்கத்திட மருந்தாலயே இறக்குறீங்க. ஊர்ட மொத்தத்தில எவ்வளவு குறையும், யோசிச்சீங்களா புள்ள?"

"ஹாஜியார், எனக்குச் சக்தி கொறஞ்சு இல்ல வருத்தம். கூடி. அது என்ட சொந்தக் குடலயே எதிரியெண்டு நெனச்சு அடிக்குது. வெளியால வாற கிருமிய விட, கூட இருக்கிற சொந்த ஆக்களிலதான் அதுக்குச் சந்தேகம். கொஞ்சம் அடங்கி இருக்கட்டுமெண்டுதான் குளிசை."

நெய்னார், தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை ஒரேயடியாக வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்திறங்கியவர். பெரிய டொக்டர் யுத்த காலத்தில் வடக்கு ஆஸ்பத்திரிகளில் வேலைசெய்தவர். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

"அந்த வருத்தத்துக்காவது குளிசை இருக்குது என்ன," என்றார் டொக்டர், தனக்குள் சொல்வது போல. நிகழ்ச்சிநிரலில் இல்லாத விடயம் என்பதால் அது பதியப்படவில்லை.

ஹாஜியார் ஒரு சமரசம் சொன்னார். ஒருநாள் குளிசை, மறுநாள் அவியல். மிஸி மாட்டேன் என்றார். முதல் தடவையாக அவருடைய குரல் உயர்ந்தது. "ஒரு முறை நானா நிப்பாட்டி ஒரு மாசம் கட்டிலில கெடந்தன். இனி நிப்பாட்ட மாட்டன். வேணுமெண்டா கிளினிக் டொக்டரக் கேளுங்க." சொல்லிவிட்டு அவரே தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி நீட்டினார்.

கொழும்பு டொக்டர் அவசரத்தில் இருந்தார். "மருந்தை அவரே நிறுத்தக் கூடாது. வருத்தம் கிளம்பினால் அதுதான் பெரிய ஆபத்து. மாஸ்க், காற்றோட்டம், கை கழுவுதல். சனநெரிசலைத் தவிர்க்க வேண்டும். கிட்டடியில் ஒரு டொயிலட் கொடுங்கள். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று ஹாஜியார் ஏமாற்றத்தோடு கேட்டார். "இதுக்கா இவ்வளவு படிச்சது?"

கிட்டடியில் மலசலகூடம் அவசியம் என்று தொலைபேசி தெரிவித்ததாக நெய்னார் பதிந்துகொண்டார். மிஸிக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப கேற்றடி டொயிலட்டத் திறந்திருவம் சேர்?"

"ஓம் மிஸி. இனித் தாமதிக்க ஏலாது. வைபவம் வைப்பம்."

அக்காலத்தில் கூட்டம் கூடுவது தடை. நெய்னார் மேலிடத்துக்கு எழுதினார்: சனக்கூட்டத்தைத் தவிர்க்க வேண்டிய நிலையில் உள்ள உத்தியோகத்தர் ஒருவரின் பாதுகாப்பை முன்னிட்டு, சனக்கூட்டம் ஒன்றைக் கூட்ட அனுமதி கோரப்படுகின்றது. காரணம் தகுந்தது என்று கண்டு அனுமதி வந்தது. பிரதம அதிதிக்கும், எங்கிருந்தோ, நேரம் வந்தது.

சிலாபத்திலிருந்து பேண்ட் வாத்தியம் பேசப்பட்டது. ஹாஜியார் பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பொறுப்பேற்றார். நான்கு சமயத்துப் பெரியார்களும் ஆசி வழங்க அழைக்கப்பட்டார்கள்; என்ன கட்டடம் என்று அறிந்ததும் நால்வரும் ஆசியை மிகச் சுருக்கமாக வழங்குவதாக ஒத்துக்கொண்டார்கள். குழு மூன்று நாள் அதே அறையில் இருந்து வரவேற்புரையைத் திருத்தியது. பானை தினமும் வந்தது.

"மிஸி, நீங்கதான் பயனாளி," என்றார் நெய்னார். "முன் வரிசையில நடுவில இரிக்கணும்."

"சேர், சனத்துக்குள்ள இரிக்கப்படாதெண்டுதானே இந்த வைபவமே?"

நெய்னார் யோசித்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நான் கேற்றில நிண்டு வாறவங்களுக்குச் சூடு பாக்குறன்," என்றார் மிஸி. "கட்டடத்துக்குப் பக்கத்திலதானே."

அப்படியே முடிவாயிற்று.

அந்த நாளும் வந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் போனோம். சாப்பாட்டுப் பார்சலும் இருந்தது. மிஸி எங்களை வட்டங்களில் நிறுத்தினார். அவர் திரும்பினதும் வட்டத்தைவிட்டு இறங்கி, நன்றாகத் தெரிகிற இடத்துக்கு நெருக்கியடித்துப் போய்விட்டோம்.

பெரிய டொக்டரும் நெய்னாரும் ஹாஜியாரும் சந்திவரை போய்ப் பிரதம அதிதியின் ஜீப்பை எதிர்கொண்டு, பேண்ட் முழங்க, முன்னால் நடந்து வந்தார்கள். கேற்றில் பஸ்தியான் குறுக்கே சங்கிலியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"சங்கிலிய எடும்," என்றார் நெய்னார்.

"எல்லாருக்கும் சூடு பாக்கவேணுமாம் சேர். தராதரம் பாராமல். உங்கட கையொப்பம்."

மிஸி துவக்கை ஹாஜியாரின் நெற்றிக்குப் பிடித்தார். அது கூவியது. மிஸி இலக்கத்தைக் காட்டினார். கடும் காய்ச்சல்.

"அது அட்ட வேல செய்யிற சூடு," என்றார் ஹாஜியார்.

"அட்டயக் கழட்டுங்க."

கழற்றினார். இன்னும் கொஞ்சம் கூடிக் காட்டியது.

பெரிய டொக்டர் தானாகவே முன்வந்து நெற்றியைக் கொடுத்தார். அவருக்கும் காய்ச்சல். "முந்தநாளே எனக்கு மணம் தெரியேல்லை," என்றார் அமைதியாக. "கூட்டத்தில சொல்ல இடம் வரேல்லை." பூவரச மரத்தின் வேரில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

நெய்னாருக்கு முகம் சிவந்து, கண்ணில் நீர் வடிந்தது. துவக்கு அவருக்கும் கூவியது.

"மிஸி, ஆஸ்பத்திரியில காய்ச்சல் நோயாளிக்குத்தான் வரும். நான் நோயாளி இல்ல. என்னட்டத் துண்டு இல்ல."

"மக்டலின் அக்கா," என்றார் மிஸி, கண்ணை எடுக்காமல். "துண்டுப் புத்தகம்."

மக்டலின் அக்காவின் கக்கத்தில் அது ஏற்கெனவே இருந்தது.

"பேரு தெரியும். வயசு சேர்?"

எந்த நிலையிலும் படிவத்தின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க நெய்னாரால் முடியாது. "அம்பத்தெட்டு," என்றார்.

மிஸி எழுதினார், இலக்கம் போட்டார், கையில் கொடுத்தார். அந்தக் கணத்தில் நெய்னார் இருமத் தொடங்கினார். அனுமதிக்காகவே காத்திருந்தது போல அந்த இருமல் நீண்ட நேரம் வந்தது.

"இப்ப நீங்க நோயாளி சேர். சுற்றறிக்கைப்படி நான் உங்களுக்குக் கிட்ட வரப்படா. நீங்களும் எனக்குக் கிட்ட வரப்படா."

"அப்ப இந்தக் குழு?" என்று கேட்டார் மக்டலின் அக்கா.

"குழு இனி வார்ட்டில கூடும்."

இவற்றையெல்லாம் ஜீப்புக்குள்ளிருந்து பார்த்த பிரதம அதிதி கண்ணாடியை மேலே ஏற்றினார். இறங்கமாட்டேன் என்று கையால் காட்டினார். ஆனால் உரை தயாரித்து வந்திருந்தார். ஆகவே ஒலிவாங்கியை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு தொடங்கினார். இது ஒரு மலசலகூடம் மட்டும் அல்ல என்றார். இது ஒரு தேசத்தின் எழுச்சி என்றார். நாட்டின் ஆதிகாலப் பெருமைக்குப் போனார். அங்கிருந்து திரும்பி வருகிற அறிகுறி இல்லை.

அப்போது மிஸியின் வயிறு அழைத்தது.

அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்தார். முழு முற்றம், அதில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள், அதற்கப்பால் காய்ச்சல் வார்ட். வார்ட்டுக்குள் இப்போது குழுவும் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். ரிப்பன். ரிப்பனுக்குப் பக்கத்தில் வெல்வெட் துணி விரித்த தட்டில் கத்தரிக்கோல்.

"மிஸி," என்றார் பஸ்தியான், மெதுவாக. "நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

ஸபீனா மிஸி கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார். கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப ஒழுங்காக வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ரிப்பன் விழுந்தால் வாசிக்க வேண்டும் என்பதுதான் பேண்ட் மாஸ்டருக்குச் சொல்லப்பட்டது. ரிப்பன் விழுந்தது; அவர் வாசித்தார். பேண்ட் வாசித்தால் வெடி கொளுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டவன் கொளுத்தினான். பின்னாலிருந்த கழுதைகள் கட்டடத்தைச் சுற்றி ஓடின. நாங்கள் கைதட்டினோம். படம் பிடிப்பவர் மூடிய கதவை எல்லாக் கோணத்திலும் எடுத்தார். கைதட்டலைக் கேட்ட பிரதம அதிதி, தமது உரையின் இந்த இடம் இவ்வளவு எடுபடும் என்று எதிர்பாராதவராய், நெகிழ்ந்து, அத்தோடு முடித்துக்கொண்டார். அந்த அமைதியில் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நாங்கள் இரண்டாம் தரமும் கைதட்டினோம். ஜீப் திரும்பிப் போய்விட்டது.

விசாரணை நடந்தது. குழுவுக்குக் காய்ச்சல் எப்படி வந்தது என்று அல்ல, ரிப்பனை வெட்டியது யார் என்று. நெய்னாரே காய்ச்சல் கட்டிலில் இருந்தபடி அதை நடத்தித் தீர்ப்பும் எழுதினார். தீர்ப்பு இதுதான்: அதிகாரமளிக்கப்படாத ஒருவர் வெட்டியதால் ரிப்பன் வெட்டப்பட்டதாகக் கொள்ளமுடியாது. ஆகவே கட்டடம் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத கட்டடம் பதிவில் இல்லை. இல்லாத கட்டடத்துக்குள் ஒருவர் போனார் என்று குற்றம் சாட்டமுடியாது. புதிய ரிப்பன் கட்டப்படுக.

கட்டினார்கள். மக்டலின் அக்கா கொஞ்சம் உயர்த்திக் கட்டினார். மிஸி குனிந்து போய் வர வசதி.

தீர்ப்பு எழுதிய பின்னேரம், வார்ட் யன்னலில் நெய்னாரின் தலை தெரிந்தது. அந்தக் காய்ச்சல் சிலருக்கு வயிற்றையும் கலக்கும். உள்ளே இருந்த ஒரே மலசலகூடத்துக்குள் ஹாஜியார் போய் வெகுநேரமாகிவிட்டிருந்தது. ஐந்து நாள் அவியல் குடித்த வயிறு. பெரிய டொக்டர் அடுத்ததாக நின்றார்.

"மிஸி," என்று நெய்னார் முற்றம் தாண்டிக் கேட்கக் கூப்பிட்டார். குரலில் முன்பில்லாத ஒரு அவசரம். "மிஸி, அந்தப் புது டொயிலட்டுக்கு நான் ஒருக்கா—"

மிஸி கேற்றடியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் புது டொயிலட் சேர்?"

நெய்னார் வாயைத் திறந்தார். தம்முடைய தீர்ப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார். ஆனாலும் சற்று நேரத்தில் மக்டலின் அக்கா ஒரு வாளியோடு யன்னலடிக்குப் போனதை நாங்கள் கண்டோம். மிஸிதான் அனுப்பியிருந்தார்.

இதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மிஸிக்குச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்ததையும், ஊரெல்லாம் சக்தி ஏற்றியவர்கள் படுத்துக் கிடக்கச் சக்தி இறக்கியவர் நடந்து திரிவதையும் சொல்லிச் சிரித்தோம். "சக்தியில்ல விசயம். காத்தும் மாஸ்க்கும்தான்" என்று மிஸி சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அது விற்கிற சாமான் அல்லவே. சிரிக்கச் சிரிக்கச் சிலருக்கு இருமல் வந்தது. தொண்டையில் சாப்பாட்டுப் பார்சலின் மிளகாய் என்று நினைத்தோம். அடுத்த கிழமையே கேற்றடியில் வரிசை களப்பு ஓரம்வரை நீண்டது. வைபவத்தில் கைதட்டிய எல்லோரும் அதில் நின்றோம்.

மிஸி துவக்கைப் பிடித்தார். அது கூவியது. வைபவ நாளிலிருந்து கேற்றடியிலேயே இருக்கிற துண்டுப் புத்தகத்தை எடுத்தார்.

அந்த நாட்களில் துண்டு எழுதினால் தனிமைப்படுத்தலுக்கு ஏற்றிப்போகிற பஸ் வரும். பஸ் ஏற்றினால் எங்கே கொண்டுபோகும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அடுத்த வீட்டார் வேலியை உயர்த்துவார்கள்.

"மிஸி, எழுதாதீங்க," என்றார் முதலாவதாக நின்றவர். தேத்தண்ணிக் கடையில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

"காய்ச்சல் இரிக்கே நானா."

"காய்ச்சல் இரிக்கட்டும். எழுதாட்டி நோயில்லதானே?"

"சரியாச் சொன்னீங்க," என்றார் இரண்டாவது வட்டத்தில் நின்றவர். "நெய்னார் சேர் சும்மா சொல்ல மாட்டார்." மூன்றாவது வட்டத்திலிருந்து கடைசி வட்டம்வரை எல்லோரும் அதை ஒத்துக்கொண்டோம்.

ஸபீனா மிஸி பேனாவைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வயிறு அழைத்துவிட்டது. பேனாவை மக்டலின் அக்காவிடம் கொடுத்துவிட்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து, இல்லாத கட்டடத்துக்குள் போனார்.

அவர் திரும்பி வரும்வரை நாங்கள் அத்தனை பேரும் பூரண சுகத்தோடு இருமிக்கொண்டு நின்றோம்.